பர்ட்டனை அறிமுகம் செய்தவர் மட்டுமல்ல எம்லின் வில்லியம்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பர்ட்டனின் குரல், குடி, திருமணங்கள் எல்லாவற்றையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், எம்லின் வில்லியம்ஸுக்கு மட்டும் ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார். பர்ட்டனை மேடைக்குக் கொண்டுவந்த வேல்ஸ் நாடகாசிரியர் என்பதோடு அவர் கதை முடிந்துவிட்டது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் நாடகம் எழுதுகிறவர்களும் நடிக்கிறவர்களும் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்போது, அவரை இன்னொருவர் வாழ்க்கையின் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போவது சரியல்ல. அதனால் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் எம்லின் வில்லியம்ஸ் 1905 நவம்பர் 26 அன்று, வடகிழக்கு வேல்ஸில் ஃபிளின்ட்ஷயர் பகுதியின் மோஸ்டின் அருகே பிறந்தார். வீட்டில் வெல்ஷ் மொழிதான். ஏறக்குறைய எட்டு வயதுவரை அவருக்கு வேறு மொழி தெரியாது. தந்தை சில காலம் கிராமத்து மதுக்கடை ஒன்றை நடத்தினார். பின்னர் இரும்பு ஆலையில் வேலைக்குப் போனார். சிறுவன் டாலக்ரேயில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, அதன்பின் உதவித்தொகை பெற்று ஹோலிவெல் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றான். அங்கேதான் சாரா கிரேஸ் குக் என்ற ஆசிரியை அவன் திறமையைக் கண்டுகொண்டார். பிரெஞ்சு மொழியில் அவனைப் பழக்கி, பேச்சு திருந்த வேண்டும் என்று பிரான்ஸுக்கே சில மாதம் அனுப்பிவைத்தார். ஆக்ஸ்ஃபர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் அவனுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

ஆக்ஸ்ஃபர்டில் பாடத்தைவிடப் பல்கலைக்கழக நாடகக் கழகமே அவரை இழுத்தது. 1926இல் மனம் நொறுங்கிப் படிப்பை விட்டு ஊர் திரும்பியபோது, நாடகம் ஒன்று எழுதிப் பார் என்று தூண்டியவரும் மிஸ் குக்தான். அப்படிப் பிறந்த ‘ஃபுல் மூன்’ நாடகத்தை ஜே. பி. ஃபேகன் ஆக்ஸ்ஃபர்டில் மேடையேற்றினார். அதே ஃபேகன் 1927இல் லண்டனில் தம் நாடகத்தில் ஒரு சிறு வேடமும் கொடுத்தார். ஆக, எழுத்தும் நடிப்பும் ஒரே ஆண்டில், ஒரே கையிலிருந்து அவருக்குக் கிடைத்தன. ஒன்றில் பெயர் வாங்கி மற்றொன்றுக்குத் தாவியவர் அல்லர் அவர். அவரைப் புரிந்துகொள்ள இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுதும்போதே நடிகனின் மூச்சு எங்கே நிற்கும், கை எங்கே போகும், பார்வையாளர் எப்போது இருமுவார் என்று கணக்கிட்டு எழுதியவர். இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தை அவர் தாய்மடியில் கற்கவில்லை. காதைக் கூர்மையாக்கிக் கற்றார். ஒவ்வொரு வகுப்பாரும் எப்படிப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் குரல் ஏறுகிறது என்பதெல்லாம் அவர் நாடகங்களில் அவ்வளவு துல்லியமாக விழுவதற்கு அந்தக் காதுதான் காரணம் என்பது என் கருத்து.

1930, 31இல் எட்கர் வாலஸ் எழுதிய இரண்டு மர்ம நாடகங்களில் அவர் நடித்தார். ‘ஆன் தி ஸ்பாட்’டில் சார்லஸ் லாட்டனோடு, அடுத்ததில் லார்ட் லெபனான் என்ற இளம் பிரபுவாக. வெளியே மென்மையும் உள்ளே கொலைவெறியும் கொண்ட பாத்திரம் அது. 1932இல் அதைத் திரைப்படமாக எடுத்தபோதும் அவரே நடித்தார். இனிமையான முகத்தோடு ஒரு கொலைகாரன் மேடையில் நின்றால் அரங்கம் என்ன செய்கிறது என்பதை இரவுக்கு இரவு நேரில் பார்த்துப் படித்த பாடம், நான்கே ஆண்டில் ‘நைட் மஸ்ட் ஃபால்’ ஆனது.

1935 மே மாதம் லண்டன் டச்சஸ் அரங்கில் தொடங்கிய அந்த நாடகம் நானூறு முறைக்கும் மேல் நடந்தது. கொலைகாரன் டான் வேடத்தை எழுதியவரே ஏற்றார். எசெக்ஸ் காட்டோரம் ஒரு தனி வீடு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வீட்டை ஆட்டிப்படைக்கும் திருமதி பிராம்சன். அவரிடம் சம்பளத்துக்கு ஒண்டியிருக்கும் உறவுப்பெண் ஒலிவியா. பக்கத்து விடுதியில் எடுபிடியாக வேலை செய்யும் டான். ஒரு பெண் காணாமல் போகிறாள். தலையில்லாத உடல் கிடைக்கிறது. டானிடம் ஒரு தொப்பிப் பெட்டி இருக்கிறது.

இதைத் துப்பறியும் நாடகம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். துப்பு எதுவும் இதில் இல்லை. திரை விலகியதும் முதலில் வருவது நீதிமன்றம். கொலையாளியின் மேல்முறையீட்டைத் தலைமை நீதிபதி தள்ளுபடி செய்கிறார். முடிவு அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பிறகு இரண்டரை மணி நேரம் நாம் கவனிப்பது, இவன் எப்படி மற்றவர்களை மயக்குகிறான், தெரிந்தும் ஒலிவியா ஏன் அவன் பக்கம் சாய்கிறாள் என்பதைத்தான். இந்த முன்காட்சியை நேரம் மிச்சமாகும் என்று வெட்டிவிட்டு நடத்துகிறவர்கள் உண்டு. வெட்டினால் நாடகம் வெறும் ஊகப் போட்டியாகிவிடும். முதல் அங்கம் முழுவதும் டான் பேசும் இனிமையான பேச்சுக்கு அடியில் ஓடவேண்டிய நடுக்கமும் போய்விடும்.

மேடையேற்ற நினைக்கும் குழுக்களுக்குச் சில விவரங்கள். பாத்திரங்கள் ஒன்பது: பெண்கள் ஐந்து, ஆண்கள் நான்கு. நீதிமன்றத்துக்கு ஒரு மேசையும் ஒற்றை ஒளிவட்டமும் போதும். மற்றபடி ஒரே வீட்டுக்கூடம்தான். சிறு குழுவுக்கு இதைவிட வசதியான கட்டமைப்பு கிடையாது. ஆனால் அந்தத் தொப்பிப் பெட்டிதான் பெரும்பாலும் காலை வாரிவிடும். பெட்டி நாடகம் முழுவதும் திறக்கப்படுவதே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. ஆகவே அதன் எடைதான் வசனம். வெறும் பெட்டியை நடிகர் ஒரு விரலில் தூக்கிக்கொண்டு போனால் கடைசி வரிசை ரசிகருக்கும் பெட்டி காலி என்பது புரிந்துவிடும். மனிதத் தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. மணல் மூட்டை ஒன்றை அந்த எடைக்குத் தைத்து, சுற்றிலும் பழந்துணி திணித்து, உருளாதபடி பெட்டியின் அடியோடு கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் தூக்கும்போது ஒரு பக்கம் சரிந்து சத்தம் வரும், அரங்கம் சிரித்துவிடும். பூட்டும் நிஜமாகப் பூட்டியிருக்க வேண்டும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அந்த எடையோடு பழகினால்தான் போலீஸ் அதிகாரி பெட்டியைக் கேட்கும் இடத்தில், ஒலிவியா அது தன்னுடையது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போகும்போது, அவள் தோள் இறங்குவதைப் பார்த்தே அரங்கம் உறைந்துபோகும்.

அடுத்த தவறு டான் வேடத்தில் நடக்கிறது. நுழைந்ததுமே கண்ணை உருட்டும் நடிகர் நாடகத்தைப் பதினைந்து நிமிடத்தில் கொன்றுவிடுவார். இவன் ஓயாமல் நடித்துக்கொண்டிருப்பவன். ஆளுக்கொரு முகம் காட்டுபவன். கிழவியிடம் பிள்ளை, சமையல்காரியிடம் வேடிக்கைக்காரன், போலீஸிடம் பணிவானவன். ஒலிவியா மட்டுமே அந்த முகங்களுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தைப் பார்க்கிறாள். அதனால் நடிகர் ஒவ்வொரு முகத்தையும் உண்மையாக, அன்பாகவே செய்ய வேண்டும்; மாறும் கணத்தில் மட்டும் ஒரு நொடி வெறுமை தெரிந்தால் போதும். திருமதி பிராம்சன் தனியாக விடப்பட்டு, இருட்டுக்கும் சத்தத்துக்கும் பயந்து ‘டானி’ என்று கூப்பிடும் காட்சியில் இன்னொரு தவறு நடக்கும். அதுவரை அவரை வெறும் எரிச்சலூட்டும் கிழவியாகக் காட்டியிருந்தால் அங்கே யாருக்கும் பதைப்பு வராது. அந்தப் பாத்திரத்தை லண்டன் மேடையிலும் நியூயார்க்கிலும் 1937 ஹாலிவுட் படத்திலும் செய்தவர் ஒருவரே, டேம் மே விட்டி. படத்துக்காக அவருக்கும் டானாக நடித்த ராபர்ட் மான்ட்கோமரிக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 1964இல் ஆல்பர்ட் ஃபின்னி நடிக்க மறுபடியும் படமானது. முதல் படத்தையே பார்க்கச் சொல்வேன்.

அதற்கடுத்து அவர் எழுதியதெல்லாம் ஓடிவிடவில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் தொலைந்த இளவரசனைப் பற்றி 1937இல் எழுதிய நாடகம், ஜான் கீல்குட் நடித்தும் சில நாள்களிலேயே நின்றுபோனது. பாத்திரங்கள் எவரும் அவர் காதால் கேட்டு வளர்ந்த குரலில் பேசவில்லை. தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அவர் தம் ஊருக்கே திரும்பினார். 1938 செப்டம்பரில் அதே டச்சஸ் அரங்கில் ‘த கார்ன் இஸ் கிரீன்’ வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேல்ஸின் ஒதுக்குப்புறச் சுரங்கக் கிராமம் ஒன்றுக்கு மிஸ் மோஃபட் என்ற ஆங்கிலப் பெண் வந்து பள்ளி தொடங்குகிறார். சுரங்கத்தில் வேலை செய்யும் மார்கன் எவன்ஸ் என்ற பையன் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்து அசந்துபோகிறார். இருட்டில் நடக்கும்போது மரத்தின் இலைகளையும் அவற்றுக்கு அடியில் பச்சைப் பயிரையும் கையால் தொட முடிகிறது என்று அந்தப் பையன் எழுதியிருக்கிறான். நாடகத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. அவனை ஆக்ஸ்ஃபர்டுக்கு அனுப்புவதே அவர் வாழ்வின் நோக்கமாகிறது. மிஸ் மோஃபட்டாக சிபில் தார்ண்டைக். பதினைந்து வயது மார்கனாக, அப்போது 32 வயதான எம்லின். 1940இல் நியூயார்க்கில் எத்தல் பேரிமோர் நடிக்க, அந்தப் பருவத்தின் சிறந்த அயல்நாட்டு நாடகம் என்ற நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருது கிடைத்தது. 1945இல் பெட்டி டேவிஸ் நடித்த படம்; 1979இல் ஜார்ஜ் கியூக்கர் இயக்கத்தில் கேத்தரின் ஹெப்பர்ன் நடித்த தொலைக்காட்சிப் படம். 1983இல் பிராட்வேயில் சிசிலி டைசன். 2022இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டொமினிக் குக் இயக்க, நிகோலா வாக்கர் நடித்தார். அந்தத் தயாரிப்பில் எழுத்தாளர் எம்லினே ஒரு பாத்திரமாக மேடையில் நின்று கதையை நடத்திச் செல்ல, சுரங்கத் தொழிலாளர் பாடகர் குழு ஒன்றும் கூடவே இருந்தது.

மிஸ் மோஃபட்டுக்குப் பின்னால் இருப்பவர் மிஸ் குக் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இதை அப்படியே வாழ்க்கை வரலாறு என்று படிப்பது தவறு. எம்லின் சுரங்கத்தில் வேலை செய்ததில்லை. மார்கன் போல் அனாதையும் அல்லர். அவர் படித்தது அரசு உதவி பெற்ற பள்ளியில், வீட்டுத் திண்ணைப் பள்ளியில் அல்ல. காலத்தையும் ஏறக்குறைய ஒரு தலைமுறை பின்னால் தள்ளி வைத்தார். சொந்தக் கதையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: மேலே தூக்கிவிடப்படும் பையனுக்கு நன்றியோடு கூடவே வரும் கோபம். ‘இந்த அம்மாவின் நாய்க்குட்டி’ என்று தோழர்கள் கேலி செய்வதைத் தாங்க மாட்டாமல் மார்கன் குடித்துவிட்டு வந்து கத்தும் இடம்தான் நாடகத்தின் இதயம். தயாரிப்புகள் சறுக்குவதும் அங்கேதான். ஆசிரியையைத் தெய்வமாக்கிவிட்டால் அந்தக் கோபத்துக்கு நியாயமில்லாமல் போகிறது. எம்லின் அவரைத் தெய்வமாக எழுதவில்லை. ஊர்ப் பண்ணையாரை ஏமாற்றித் தன் காரியத்தைச் சாதிக்கத் தெரிந்தவர். மார்கன் ஒரு மனிதன் என்பதையே பல மாதம் கவனிக்காமல் அவன் மூளையை மட்டும் பார்த்தவர். சமையல்காரியின் மகள் பெஸ்ஸி அவனால் கருவுறுவதும், ஆசிரியையே அந்தக் குழந்தையை வளர்க்க ஏற்றுக்கொண்டு அவனை ஆக்ஸ்ஃபர்டுக்கு விடுவிப்பதும் அந்தக் கவனமின்மைக்கு அவர் கொடுக்கும் விலை.

பாத்திரத்தின் வயதும் முக்கியம். மிஸ் மோஃபட்டுக்கு நாற்பது வயது இருக்கலாம். இன்னொரு வாழ்க்கை அமைத்துக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது என்ற நிலையில் அதைத் துறக்கிறார். பேரிமோர் அறுபது கடந்து, ஹெப்பர்ன் எழுபது கடந்து நடித்தார்கள். நடிப்பு மேதைமையில் குறையில்லை, ஆனால் அந்தத் துறவின் எடை குறைந்துவிட்டது. பெட்டி டேவிஸ் அப்போது 36 வயதில் நரைத்த விக் வைத்துக்கொண்டு நடித்தார். என் மதிப்பில் வயதை ஓரளவு சரியாகப் பிடித்தவர் அவரே. அதே டேவிஸ் 1974இல் இந்தக் கதையின் இசை நாடக வடிவத்தில் நடிக்கப்போய், அது பிலடெல்ஃபியாவைத் தாண்டாமலே மூடப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. அந்த வடிவத்துக்கு எழுதியவர்களில் எம்லினும் ஒருவர். கதையை அமெரிக்கத் தென்பகுதிக்கு நகர்த்தியிருந்தார்கள். வெல்ஷ் மொழி பேசும் ஊரில் ஆங்கிலம் ஒரு ஏணியாகவும் வேலியாகவும் இருப்பதுதான் மூல நாடகத்தின் அடித்தளம். அந்த மண்ணை எடுத்துவிட்டால் செடி நிற்காது.

பர்ட்டன் விஷயத்துக்கு வருகிறேன். எம்லின் தம் மதுக்கடைக் குழந்தைப் பருவத்தை நகைச்சுவையாக்கி எழுதிய ‘த ட்ரூயிட்ஸ் ரெஸ்ட்’ நாடகத்துக்கு வெல்ஷ் பேசும் இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்து, ஆசிரியர் பிலிப் பர்ட்டன் தம் மாணவன் ரிச்சர்டைக் கொண்டுவந்தார். அரங்கேற்றம் 1943 நவம்பரில் லிவர்பூலில். லண்டனுக்கு வந்தது 1944 ஜனவரியில். தங்கள் கட்டுரை லண்டனையே முதல் மேடையாகச் சொல்கிறது, திருத்திக்கொள்ளலாம். பர்ட்டனின் முதல் திரைப்படமும் எம்லினுடையதுதான்: 1949இல் அவரே எழுதி, இயக்கி, வில்லனாகவும் நடித்த ‘த லாஸ்ட் டேஸ் ஆஃப் டால்வின்’. ஆங்கில நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வெல்ஷ் கிராமம் ஒன்று அணையில் மூழ்கும் கதை. லிவர்பூலுக்காக 1880களில் லான்வுதின் கிராமம் வெர்ன்வி ஏரியில் மூழ்கியது உண்மை வரலாறு. ஈடித் எவன்ஸ் அதில் தாயாக நடித்தார். படத்தில் வெல்ஷ் உரையாடல்களும் பாடல்களும் உண்டு. எம்லின் முழுநீளப் படம் இயக்கியது இந்த ஒன்றுதான். இயக்கத்தில் சில தடுமாற்றம் தெரிந்தாலும், பிரார்த்தனைக் கூடத்துக் காட்சிகளை அந்த ஊரை அறிந்தவர் தவிர வேறெவரும் எடுத்திருக்க முடியாது.

மற்றவர்கள் எழுதியதில் அவர் நடித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1937இல் ஓல்ட் விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஆஞ்சலோ, மூன்றாம் ரிச்சர்ட். 1946இல் டெரன்ஸ் ராட்டிகனின் ‘த வின்ஸ்லோ பாய்’ அரங்கேற்றத்தில் வழக்கறிஞர் சர் ராபர்ட் மார்ட்டன். 1956 ஸ்ட்ராட்ஃபர்ட் பருவத்தில் ஷைலக், இயாகோ, மறுபடியும் ஆஞ்சலோ. திரையில் 1937இல் கைவிடப்பட்ட ‘ஐ, கிளாடியஸ்’ படத்தில் அவர் கலிகுலா. மிச்சமிருக்கும் சில துண்டுகளைப் பார்த்தாலே படம் முடிந்திருக்கலாமே என்று ஏக்கம் வரும். ‘த சிட்டடல்’, ‘த ஸ்டார்ஸ் லுக் டவுன்’, ‘மேஜர் பார்பரா’, ‘ஐவன்ஹோ’, எமில் ஜோலாவாக நடித்த ‘ஐ அக்யூஸ்’ என்று பட்டியல் நீளும். ஹிட்ச்காக் 1934இல் எடுத்த ‘த மேன் ஹூ நியூ டூ மச்’சுக்குக் கூடுதல் வசனம் எழுதியவரும் இவரே. திரைப்படம் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் அவர் பெரிதாக வளர்ந்த இடம் அது அல்ல.

1951இல் தொடங்கிய சார்லஸ் டிக்கன்ஸ் நிகழ்ச்சிதான் தமிழ் மேடைக்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது. டிக்கன்ஸ் 1858 முதல் 1870 வரை, தம் கதைகளைத் தாமே சுருக்கி, கட்டணம் வைத்து மக்கள் முன் வாசித்துக்காட்டினார். எம்லின் அந்த டிக்கன்ஸாகவே தாடி ஒட்டி, கோட்டில் பூ செருகி மேடைக்கு வந்தார். டிக்கன்ஸ் பயன்படுத்திய வாசிப்பு மேசையின் நகல் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். அந்த மேசையின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். மெலிந்த கால்கள், வெல்வெட் துணி போர்த்திய சிறிய மேற்பலகை, ஒரு பக்கம் கையை ஊன்றிக்கொள்ள உயரமான சிறு கட்டை. வாசிப்பவரின் உடம்பு முழுவதும் அரங்கத்துக்குத் தெரிய வேண்டும் என்றே டிக்கன்ஸ் அப்படி வடிவமைத்தார். நம் ஊர் மேடைகளில் வைக்கப்படும் கனத்த மரப்பெட்டி மேசை நேர் எதிரானது. அது பேச்சாளரை நெஞ்சுக்குக் கீழே விழுங்கிவிடும்; கை எங்கே போகிறது என்றே தெரியாது. தனிநபர் வாசிப்பு நடத்த நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பெட்டியை மேடையிலிருந்து இறக்குவதுதான்.

மேசைமேல் புத்தகங்கள் இருந்தன, எம்லின் பக்கங்களையும் புரட்டினார்; ஆனால் எல்லாம் மனப்பாடம். இதற்குக் காரணம் பகட்டு அல்ல. எழுத்தில் கண் பதிந்திருக்கும்வரை முகம் ஒரே முகம்தான். கண் விடுதலை ஆனால்தான் தலையை இந்தப் பக்கம் திருப்பி ஒருவர், அந்தப் பக்கம் திருப்பி இன்னொருவர் என்று பிரித்துக் காட்ட முடியும். அதே சமயம் புத்தகம் கண்முன் இருப்பதால், இது வாசிப்புதான், மாறுவேடப் போட்டி அல்ல என்ற ஒப்பந்தம் பார்வையாளரோடு நிலைத்திருக்கிறது. புத்தகத்தை எடுத்துவிட்டுச் செய்கிறவர்கள் பாத்திரங்களுக்கு நடுவே மேடையில் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். நாலு பேர் பேசும் காட்சி வந்ததும் மூச்சு வாங்கி நிற்கிறார்கள்.

துணுக்குகளின் தேர்வும் ஒரு பாடம். ‘ஆலிவர் ட்விஸ்ட்’டின் நான்சி கொலையைத்தான் டிக்கன்ஸ் வாசிப்பு என்றதும் எல்லோரும் நினைப்பார்கள், டிக்கன்ஸின் உடல்நலத்தைக் குலைத்த வாசிப்பு அது. எம்லின் தம் நிகழ்ச்சியை அதன்மேல் கட்டவில்லை. ‘அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்’ நாவலின் பணக்கார விருந்து, ‘டோம்பி அண்ட் சன்’ நாவலின் சிறுவன் பால், பிக்விக் கதையின் பிரம்மச்சாரி விருந்து, ‘த சிக்னல்மேன்’ என்ற பேய்க்கதை, தாதிகள் குழந்தையைப் பயமுறுத்தச் சொல்லும் ஒரு கதை என்று கலந்து வைத்தார். சிரிப்பு, கண்ணீர், நடுக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியே முழுமை பெற்ற துண்டு. முன்கதை சொல்ல வேண்டிய பகுதி ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. நாவலிலிருந்து வாசிப்புக்கு வெட்டும்போது பெரும்பாலோர் வர்ணனையைத் தூக்கிவிட்டு உரையாடலை மட்டும் வைப்பார்கள். அது தவறு. ‘என்றான்’, ‘என்றாள்’ என்பனவற்றைக் குரல் மாற்றமே சொல்லிவிடும். அவற்றைத் தாராளமாக வெட்டலாம். ஆனால் ஆசிரியரின் குரல்தான் நிகழ்ச்சியின் கதாநாயகன்; ஒவ்வொரு பாத்திரமும் அந்தக் குரலிலிருந்து கிளம்பி அதற்கே திரும்பி வர வேண்டும். ஒரு நிமிடத்துக்கு நூற்றிருபது சொற்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பதினைந்து நிமிடத் துண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு சொல் போதும். அதற்குமேல் போனால் வேகம் கூடி, குரல்களின் வேறுபாடு முதலில் அழியும். பேய்க்கதைக்கு விளக்கைக் குறைக்கலாம், ஆனால் முகம் தெரிய வேண்டும்.

இந்த நிகழ்ச்சியோடு லண்டன், நியூயார்க் என்று தொடங்கி முப்பது ஆண்டுக்கும் மேலாக அவர் உலகம் சுற்றினார். ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலை முழுதாக ஒரே மாலைக்குச் சுருக்கிப் பாத்திரங்கள் அனைத்தையும் தாமே செய்தார். 1955இல் டிலன் தாமஸின் உரைநடையிலிருந்து அந்தக் கவிஞரின் சிறுவயதை ஒரு தனி மாலையாகத் தொகுத்தார். அதில் அவர் டிலனைப் போல வேடமிடவில்லை. ஒரு நாற்காலி, சாதாரண உடை, அவ்வளவே. இறந்து இரண்டே ஆண்டு ஆன, பலரும் நேரில் கேட்டிருந்த குரலைப் பாவனை செய்வது முறையல்ல என்பது யாருக்கும் புரியும். 1977இல் ஆங்கில எழுத்தாளர் சாகியின் சிறுகதைகளை வைத்து மூன்றாவது நிகழ்ச்சி.

எழுத்தாளராக அவர் துணிவைக் காட்டியது ‘அக்கலேட்’ என்ற 1950 நாடகம். சர் பட்டம் பெறப்போகும் நாவலாசிரியர் ஒருவரின் மறைவான பாலியல் வாழ்க்கை வெளிவருகிறது. அவர் மனைவிக்கு அது முன்பே தெரியும். பிரிட்டனில் மேடைத் தணிக்கை 1968வரை இருந்தது என்பதை நினைவில் வைத்துப் படித்தால், எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது விளங்கும். 2011இல் லண்டனின் சின்னஞ்சிறு ஃபின்பரோ அரங்கம் அதை மறுபடி மேடையேற்றியபோதுதான் விமர்சகர்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். தம் இருபால் ஈர்ப்பை அவரே 1973இல் ‘எம்லின்’ என்ற தன்வரலாற்றின் இரண்டாம் பகுதியில் வெளிப்படையாக எழுதினார். 1961இல் வந்த முதல் பகுதியின் பெயர் ‘ஜார்ஜ்’. இரண்டில் முதலாவதே உயர்ந்தது. வெல்ஷ் கிராமத்துச் சிறுவனின் உலகத்தை அவ்வளவு நுட்பமாகச் சொன்ன ஆங்கில நூல் அரிது.

1967இல் வந்த ‘பியாண்ட் பிலீஃப்’ பற்றி எனக்கு முழு மனம் இல்லை. மூர்ஸ் குழந்தைக் கொலை வழக்கு 1966இல் செஸ்டர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது; அதை வைத்து எழுதிய நூல். ஆதாரத்தோடு கற்பனை உரையாடலையும் கலந்து எழுதினார். கொலையாளியின் மனத்துக்குள் போகத் தெரிந்த கைதான் அது. ஆனால் டான் கற்பனைப் பாத்திரம், இங்கே இறந்த குழந்தைகளின் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். எது ஆவணம், எது ஊகம் என்ற கோட்டை ஒவ்வொரு பக்கத்திலும் தெளிவாக வரைந்திருக்க வேண்டும். கடைசியாக 1980இல் ‘ஹெட்லாங்’ நாவல்: அரச குடும்பம் முழுவதும் விபத்தில் மாண்டு, யாருக்கும் தெரியாத நடிகன் ஒருவன் இங்கிலாந்து மன்னனாவது. 1991இல் வந்த ‘கிங் ரால்ஃப்’ படத்துக்கு அதுவே மூலம். படத்தை வைத்து நாவலை எடைபோட வேண்டாம். 1962இல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டம் பெற்றவர், 1987 செப்டம்பர் 25 அன்று லண்டனில் காலமானார். வேல்ஸின் மோல்ட் நகரில் உள்ள தியேட்டர் கிளுய்டின் சிறிய அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய தாள்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன.

இவற்றைத் தமிழில் செய்ய விரும்பும் குழுக்களுக்கு உரிமை விவரம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டு பதிப்புரிமை உண்டு. ஆகவே எம்லினின் நாடகங்களை மொழிபெயர்க்கவோ மேடையேற்றவோ 2047 முடியும்வரை உரிமையாளரிடம் எழுத்துமூல அனுமதி வேண்டும். பிரிட்டனில் எழுபது ஆண்டு என்பதால் 2057 வரை. டிக்கன்ஸ் யாருக்கும் சொந்தமில்லை, டிலன் தாமஸின் உரிமையும் இந்தியாவில் 2013 முடிவோடு காலாவதியாகிவிட்டது. ஆனால் எம்லின் வெட்டித் தொகுத்த டிக்கன்ஸ் வாசிப்பு வடிவம் அவருடையது. அதை அப்படியே எடுக்காமல் மூல நாவலிலிருந்து நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம் கேட்கும்போது நிகழ்ச்சியின் தேதி, அரங்கின் இருக்கை எண்ணிக்கை, கட்டணம், எத்தனை காட்சி, எந்த மொழி என்று ஐந்தையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் பதில் சீக்கிரம் வரும். மொழிபெயர்ப்புக்கும் மேடையேற்றத்துக்கும் இரண்டு தனி அனுமதிகள் தேவை. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மறந்து, அழைப்பிதழ் அச்சடித்தபின் நிறுத்த நேர்ந்தால் செலவு முழுவதும் குழுவின் தலையில் விழும்.

இப்படிக்கு,
நாடக வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி